இறுகாத ஜிமிக்கி

ஜூன் 2, திங்கள்

பதினான்கு ஜோடியும் சனிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டன. இன்று காலை நாட்டிய டீச்சர் படம் அனுப்பியிருந்தார். பதினான்கு பெண் குழந்தைகள் வரிசையாக நின்று தலையை ஒரே பக்கம் சாய்த்திருக்கிறார்கள். பதினான்கு காதிலும் என் ஜிமிக்கி. மேலே வட்டத் தோடு, கீழே கவிழ்த்த மணி, விளிம்பில் பொன்னிறக் கோடு, உள்ளே பூ. பார்க்கப் பழைய கால நகையாக இருக்க வேண்டும், கனம் மட்டும் இருக்கக் கூடாது என்றுதான் டீச்சர் கேட்டார். போன வருடம் உலோக ஜிமிக்கி போட்டு ஆடியதில் ஒரு பெண்ணுக்குக் காதுத் துளை கிழிந்து தையல் போட்டார்களாம். என்னுடையது ஜோடி ஐந்து கிராம்கூட வராது. போட்டிருப்பதே தெரியாது.

ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டில் பூத்த பூவைக் கொண்டுவந்து கொடுத்தது. அதுவும் டீச்சர் யோசனைதான். சிலிக்கா மணலில் புதைத்து ஒரு வாரம் உலர்த்தி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து அச்சில் வைத்து, மேலே ரெசின் ஊற்றினேன், கண்ணாடி மாதிரி இறுகும் பிசின். ஒரு பூகூடக் கறுக்கவில்லை.

இவ்வளவு நல்ல செய்தியையும் எழுதிவிட்டு எதற்காகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்?

சரி, எழுதித் தொலைக்கிறேன். அச்சிலிருந்து எடுத்ததும் நகத்தால் அழுத்திப் பார்ப்பது வழக்கம். நன்றாக இறுகிய ரெசினில் நகம் பதியாது. இரண்டு ஜோடியில் பதிந்தது. புதுக் கம்பெனிச் சரக்கு, மழை நாள் வேறு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. கொடுக்க வேண்டிய தேதி வந்துவிட்டது. பதினான்கு ஜோடிக்கும் மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நகம் பதியவில்லை.

வார்னிஷில்தான் பதியவில்லை. அது எனக்குத் தெரியாதா என்ன.

ஜூன் 4, புதன்

விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. கட்டைவிரல் ஓரம் கடுகு கடுகாகக் கொப்புளம். மாடியில் குடியிருக்கும் நாத்தனார்தான் என் தோடுகளைப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுப்பவர். பார்த்துவிட்டு, "பாத்திரம் தேய்க்கிற சோப்பை மாத்து" என்றார். மாற்றினேன். சோப்பு பாவம், அது என்ன செய்யும். அரிப்பு அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

காலையில் வலது கண் திறக்கவே இல்லை. இமை பன் மாதிரி உப்பிவிட்டது. நாத்தனார் படியிலேயே நின்றுவிட்டார். "என்னடி இவளே, என் தம்பியா குத்தினான்? சொல்லு, இப்பவே கேக்கறேன்."

சிரித்தேன். சிரித்ததில் கண் இன்னும் வலித்தது.

ஜூன் 6, வெள்ளி

தோல் டாக்டர் சின்ன வயதுப் பெண். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"கையுறை போடுவீங்களா?"

"போடுவேன்."

"முழுசாவா?"

எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. இடுக்கி பிடிக்க வசதியாக இரண்டு விரல் நுனியைக் கத்தரித்துவிட்டுத்தான் போடுவேன். சரியாக அந்த இரண்டு விரலிலிருந்துதான் கொப்புளம் ஆரம்பித்திருக்கிறது.

"நல்லா இறுகிட்டா ரெசின் ஒண்ணும் பண்ணாது. இறுகாதது தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா, உடம்பு ஒரு நாள் அதை எதிரின்னு முடிவு பண்ணிடும். அப்புறம் வாழ்நாளுக்கும் மாறாது. லேசாப் பட்டாலே இப்படித்தான் கிளம்பும்" என்றார்.

என் தொழிலுக்கு ஆயுள் தண்டனை மாதிரிதான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் என் தொழிலா ஞாபகம் வந்தது? "யாராவது... இறுகாததைக் காதுல போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"யாரு போட்டிருக்கா?"

"சும்மா கேட்டேன்."

சும்மாவாம்.

வீட்டுக்கு வந்து ஒற்றைக் கண்ணால் பாட்டிலைப் படித்தேன். இரண்டு பங்கு ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் ஒரு பங்கு, *எடையில்*. நான் மூன்று வருடமாக அளவுக் குவளையில் கோடு பார்த்து ஊற்றியே பழகியவள். பழைய கம்பெனிச் சரக்குக்கு அதுதான் கணக்கு. புதிது வந்தபோது பங்கை மட்டும் பார்த்துவிட்டுக் கை பாட்டுக்குக் குவளையை எடுத்திருக்கிறது. ஹார்ட்னர் ரெசினைவிட லேசு. குவளையில் ஒரு கோடு ஊற்றினால் எடையில் ஒரு பங்கு வராது.

இரட்டைக் கையுறை மாட்டிக்கொண்டு, சமையல் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். ஆறில் ஒரு பங்கு குறைகிறது. எல்லாம் ஒரே நாளில் கலந்து ஒரே நாளில் ஊற்றியது. அப்படியானால் இரண்டு ஜோடி இல்லை. பதினான்குமேதான்.

மற்றவற்றோடு வார்னிஷ் அடித்து மாதிரிக்காக வைத்திருந்த பதினைந்தாவது ஜோடியை எடுத்துக் கத்தி முனையால் வார்னிஷைச் சுரண்டினேன். அடியில் ஆறிய மெழுகு போலக் கத்தி இறங்கியது.

ஜூன் 7, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். எண்ணெய்க் கையோடு நின்றுகொண்டே முழுவதும் கேட்டார்.

"யாருக்காவது எதாவது ஆயிருக்கா?"

"இதுவரைக்கும் யாரும் சொல்லல."

"அப்புறம் எதுக்கு நீயாப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கிற? பதினஞ்சாம் தேதி ஆடி முடிச்சா கழட்டிப் பெட்டியில போட்டுடப் போறாங்க. எட்டே நாள்."

அரை மணி நேரம் நிம்மதியாக இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிறகு அந்த எட்டு நாளும் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒத்திகையில் வேர்க்கும். வேர்வையில் வார்னிஷ் எத்தனை நாள் தாங்கும்? குழந்தைத் தோல். துளை போட்ட இடம் வேறு.

சாப்பிடும்போது கேட்டேன்: "லிஃப்ட்ல ஒரு நட்டு லூஸா இருக்குன்னு உங்களுக்கு மட்டும் தெரியும். இதுவரைக்கும் யாரும் விழல. என்ன பண்ணுவீங்க?"

"ஆளை இறக்கிட்டுக் கதவைப் பூட்டிடுவேன்" என்றார், சட்டென்று. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அதற்கப்புறம் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். வைத்தேன்.

ஜூன் 9, திங்கள்

டீச்சரே கூப்பிட்டுவிட்டார். பெரிய வகுப்புப் பெண்களுக்கும் இருபது ஜோடி வேண்டுமாம். "எல்லாருக்கும் அவ்வளவு பிடிச்சுப் போச்சு. ஒருத்தி தூங்கும்போதுகூடக் கழட்டறது இல்லையாம். எங்க வாலு இல்ல, அவதான்." வரிசையில் கடைசியாக நிற்பவளுக்கு டீச்சர் வைத்த பெயர் வாலு. பதினோரு வயது. ஊதா நிறப் பூ ஒன்றைத் தீப்பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்து கொண்டுவந்தவள்.

தூங்கும்போதுகூட.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சந்தோஷம் டீச்சர்" என்றேன். போனை வைத்த பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்ன மனுஷி நான்? எதுக்கு இப்படிப் பயந்து சாகறேன்? திட்டுவாங்க. அவ்வளவுதானே? ஊரெல்லாம் சொல்லுவாங்க. இனிமே ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. அவ்வளவுதானே?



ஜூன் 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ஒத்திகைக் கூடம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. படியில் இறங்கும்போதே சலங்கைச் சத்தம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் பதினான்கு குழந்தைகள் இருபத்தெட்டாகத் தெரிந்தார்கள். தரையில் உட்கார்ந்து தாளக்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்த டீச்சர் என் கண்ணைப் பார்த்ததும் நிறுத்தினார்.

வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அந்த ஜிமிக்கிய எல்லாம் இப்பவே கழட்டச் சொல்லுங்க டீச்சர். தப்பாக் கலந்துட்டேன். உள்ள இறுகல. காதுல பட்டா புண்ணாகும். தெரிஞ்சேதான் வார்னிஷ் அடிச்சேன்."

"தெரிஞ்சேவா?"

"ரெண்டு ஜோடி அப்பவே தெரியும். மத்தது அப்புறமாத்தான் தெரிஞ்சுது."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னைக்குச் செவ்வாய்" என்றார் டீச்சர். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

எழுந்து கையைத் தட்டினார். எல்லாரும் கழட்டுங்க, போய்க் காதைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. காலி பிஸ்கட் டின் ஒன்று கைமாறிக்கொண்டே போனது. திரும்பி வந்தபோது எண்ணினேன். பதிமூன்று ஜோடி.

வாலு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். மற்ற எல்லாருக்கும் இழுத்துப் பின்னிய சடை. அவள் மட்டும் முன்முடியைப் பிரித்துக் காது மேல் விட்டிருந்தாள். ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டிய விஷயம். யாரும் பார்க்கவில்லை.

"நான் தர மாட்டேன்" என்றாள்.

பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். "தர வேண்டாம். ஆன்ட்டிக்குக் காட்டு போதும்."

அவளே முடியை ஒதுக்கினாள். காது மடல் இரண்டு மடங்கு வீங்கி, சிவந்து, நீர் வடிந்து காய்ந்திருந்தது. அந்தப் புண்ணுக்கு நடுவில் என் ஜிமிக்கி ஒய்யாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வார்னிஷ் ஓரமெல்லாம் உரிந்துபோயிருந்தது.

"எப்பலேர்ந்துடா கண்ணு?"

விரல் விட்டு எண்ணினாள். "வெள்ளிக்கிழமைலேர்ந்து."

வெள்ளிக்கிழமை. நான் தராசில் நிறுத்துப் பார்த்த அதே நாள். அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே கழட்டியிருப்பாள்.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா கழட்டச் சொல்லுவீங்க."

கழட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள், அழவில்லை. டின்னில் போடும் முன்பு ஒன்று மட்டும் கேட்டாள். "பூவை மட்டும் வெளிய எடுத்துத் தர முடியுமா? அந்தச் செடியில அது ஒண்ணுதான் பூத்துச்சு."

முடியாது. ரெசினுக்குள் போன பூ திரும்பி வராது. அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஜூன் 11, புதன்

வாலுவின் அம்மா வந்தார். மருந்துக்கடையில் வேலை, கடைக் கோட்டைக்கூடக் கழட்டாமல் வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டிட்டேன். புண்ணு ஆறினப்புறம் முதுகுல டெஸ்ட் பண்ணணுமாம். ஒவ்வாமை நிரந்தரமா ஒட்டிக்கிச்சா இல்லையான்னு அப்பதான் தெரியுமாம். பதினோரு வயசு அவளுக்கு. நாலு நாள் தெரிஞ்சுக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருக்கீங்க."

"ஆமா" என்றேன்.

"எப்படிங்க முடிஞ்சுது உங்களால?"

பயம் என்று சொல்ல நினைத்தேன். அதைக் காரணமாகச் சொல்லக் கூசியது. அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். குரல் திடீரென்று வேறு மாதிரி ஆகிவிட்டது. "நாள் பூரா ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் களிம்பு எடுத்துக் கொடுக்கறேன். என் பொண்ணு காதை நான் பாக்கல."

போய்விட்டார். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு வார்த்தையும் பேசாமல் மேலே போனார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று மேடை. எந்த முகத்தோடு போவது? நாத்தனார் போய்விட்டு வந்தார். பதினான்கு குழந்தைகளும் வெறுங்காதோடு ஆடினார்களாம். "பாத்தவங்க காலைப் பாத்தாங்க, கையைப் பாத்தாங்க. காதை யாரு பாத்தா? நீ வேற." வாலுவும் ஆடினாளாம், காதில் வெள்ளைக் கட்டோடு. அதை மட்டும் கடைசியாக, அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

டீச்சர் மற்ற பதிமூன்று பேரையும் தினமும் கூப்பிட்டு வைத்துக் காதைப் பார்க்கிறாராம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பெரிய வகுப்புக்குக் கேட்ட இருபது ஜோடி வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டார். வேறு இரண்டு இடத்திலிருந்தும் வேண்டாம் என்று வந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்க மாட்டேன். உண்மையைத்தானே சொன்னார்கள்.

ஜூன் 19, வியாழன்

"நான் கலக்கறேன், நீ வாசல்ல நின்னு எடையைச் சொல்லு" என்றார் நாத்தனார். நிஜமாகவே தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்காத குறை. கொப்புளம் என் கையோடு போகட்டும் அண்ணி என்றேன். "பெரிய தியாகி" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அச்சுகளைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். கை இப்போது ஆறிவருகிறது. சும்மா இருக்கும் கை எவ்வளவு பெரிதாக இருக்கிறது.

ஜூன் 28, சனி

வாலு காது ஆறிவிட்டதாம். டீச்சர் சொன்னார். அவள் அம்மா சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

எனக்கும் அதே டெஸ்டை எழுதியிருந்த தோல் டாக்டர்தான் வாலுவுக்கும்; அவர் இதைத் திங்கட்கிழமை மட்டும்தான் செய்வார். அதனால் எனக்கும் வாலுவுக்கும் ஒரே நாள் வந்துவிட்டது. காத்திருக்கும் அறையில் அவள் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் கைப்பையை வைத்தார். முதுகில் சின்னச் சின்னச் சதுரங்களாக மருந்து வைத்து ஒட்டினார்கள். இரண்டு நாள் குளிக்கக் கூடாது, சொறியக் கூடாது, குனியக் கூடாது. வெளியே வந்ததும் வாலு அம்மாவுக்குத் தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்து முதுகைச் சுவரில் தேய்ப்பது போல நடித்துக் காட்டினாள். சிரிக்கவா அழவா.

ஜூலை 9, புதன்

ஒட்டியதைப் பிரித்தார்கள். எனக்கு ரெசின் வைத்த சதுரம் மட்டும் சிவந்து தடித்திருக்கிறது. எதிர்பார்த்ததுதான். அவளுக்கும் அதே இடத்தில் இளஞ்சிவப்பு.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. வெறும் எரிச்சலா இருந்தா மங்கிடும். ஒவ்வாமையா இருந்தா நிலைச்சு நிக்கும்."

மங்கிடு. மங்கிடு. மங்கிடு. காய்கறி நறுக்கும்போதுகூட இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

என்னுடையது கொப்புளம் கட்டிவிட்டது. சந்தேகமே இல்லை, இனி ஆயுளுக்கும் ரெசினைத் தொடக் கூடாது. டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வாங்கி மடித்துப் பையில் போட்டேன். மூன்று வருடம் அந்தச் சீட்டுக்குள் மடிந்துவிட்டது.

வாலுவுடையது மங்கியிருக்கிறது, போகவில்லை. திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்த்துத்தான் சொல்வாராம்.

வெளியே வந்ததும் அவள் அம்மா சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். என்னிடம்தான் பேசுகிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"திங்கள் எனக்கு ஆள் மாத்த முடியாது. ரெண்டு பேர் லீவு. நீங்க கூட்டிட்டுப் போயிட்டு வர்றீங்களா?"

"நானா?"

"நீங்கதான். அவ காதைப் பத்தி என்னைவிட நீங்க ஜாஸ்தி கவலைப்படறீங்க. மூஞ்சியிலயே தெரியுது."

ஜூலை 13, ஞாயிறு

நாளைக்கு அது அப்படியே நின்றிருந்தால், அவள் அம்மாவிடம் அதைச் சொல்லும் வாய் என்னுடையதாக இருக்கும்.

ஜூலை 14, திங்கள்

பள்ளிக்கூட வாசலில் வாலு தயாராக நின்றாள். சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்தேன். "உங்க கை சொரசொரன்னு இருக்கு" என்றாள். விடவில்லை.

கிளினிக்கில் வரவேற்பு மேசைப் பெண் படிவத்தை நீட்டி, "நீங்க குழந்தைக்கு என்ன உறவு?" என்றார். அத்தை என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதற்குள் வாலு முந்திக்கொண்டாள். "இவங்கதான் என் காதைக் கண்டுபிடிச்சவங்க." அந்தப் பெண் பேனாவோடு விழித்தார். படிவத்தை வாங்கி நானே எழுதினேன்: 'தோடு செய்தவர்'.

டாக்டர் அவள் முதுகைப் பார்த்தார். லென்ஸை எடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினார். நான் அவள் பள்ளிப் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல" என்றார்.

"ஒண்ணுமேவா?"

"சுத்தமாப் போயிடுச்சு. வெறும் எரிச்சல்தான். காதுல ஆனதும் அதுதான். இன்னும் ஒரு மாசம் போட்டுக்கிட்டே இருந்திருந்தா உங்க கதைதான் இவளுக்கும். நல்ல நேரத்துல கழட்டிட்டீங்க."

நல்ல நேரமாம். நாலு நாள் தாமதித்த நல்ல நேரம். இருந்தாலும் அந்த வார்த்தையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெளியே வந்து நின்றுகொண்டு அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். பின்னால் கடைச் சத்தம். "ஒண்ணும் இல்லைங்க. வெறும் எரிச்சல்தானாம். போயிடுச்சாம்" என்றேன். யாரிடமோ "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்வது கேட்டது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பிறகு, "உங்களுக்கு?" என்றார்.

"எனக்கு வெள்ளிக்கிழமையே தெரிஞ்சிடுச்சுங்க. இனிமே தொடக் கூடாது. ஆயுசுக்கும்."

"அப்ப வேலை?"

வீட்டுக்காரர் இதைக் கேட்கவில்லை, எனக்கு வலிக்கும் என்று. நாத்தனார் கேட்கவில்லை. நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டது இவர்.

"தெரியலங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பயமா இருக்கு" என்றும் சொல்லிவிட்டேன். நடுத்தெருவில், பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு, உலகத்திலேயே நான் அதிகமாகப் பயந்த ஆளிடம்.

"பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நேரா கடைக்கு வாங்க" என்றார். "அஞ்சு மணிக்கு எனக்கு டீ நேரம். உட்கார்ந்து பேசலாம்."

போனோம்.